வெள்ளிக்கிழமை பிற்பகல்

எதிர்க்கட்சி எம்.பி. என்றால் கூச்சல் போட்டு வெளிநடப்பு செய்பவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. சரி, அதுவும் நடக்கிறது.

2015 ஏப்ரல் 24, மாநிலங்களவை. வெள்ளிக்கிழமை பிற்பகல், தனிநபர் மசோதாக்களுக்கான நேரம்; அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்கள். தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவைத் திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்கிறார். வழக்கமாக அந்த இடத்தில் உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார். சிவா விடவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். கடைசியில் அவை ஒருமனதாக நிறைவேற்றியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. ஓர் அவையைத் தாண்டுவதே அபூர்வம்.

மக்களவையில் அது தேறவில்லை. அரசு தன் பங்குக்கு வேறொரு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. சிவா கேட்டிருந்த 2 சதவீத இடஒதுக்கீட்டை மட்டும் அதில் தேடாதீர்கள்.