சிவாவாவின் பாட்டிக்கு எந்த ஊர்?

சிவாவா என்ற குட்டி நாயை வளர்ப்பவர்களிடம் அதன் பூர்விகத்தைக் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். மெக்சிகோவின் பழங்குடிகள் வளர்த்த டெச்சிச்சி என்ற சிறு நாயின் நேர் வாரிசு என்பார் ஒருவர். ஸ்பானியர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஐரோப்பிய மடிநாய் என்பார் மற்றவர். இருவர் கையிலும் ஆய்வுக் கட்டுரை இருக்கும். வீட்டில் இருக்கும் ஒரு நாயை வைத்து இதை எவ்வளவு தூரம் தேடலாம், தேடல் எங்கே நின்றுபோகும் என்பதை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலில் காகிதம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வம்சாவளிச் சான்றில் மூன்று தலைமுறைக்கு 14 பெயர்கள், ஐந்து தலைமுறைக்கு 62 பெயர்கள் இருக்கும். தகப்பன் மேலே, தாய் கீழே என்று அச்சிடுவதால் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் எல்லாரும் கட்டத்தின் அடி ஓரத்திலேயே வரிசையாக வருவார்கள். இந்தத் தேடலுக்கு அந்த அடி வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு பெட்டையின் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் தனியாக எழுதிக்கொண்டு, அடுத்த ஈத்தின் தேதியோடு ஒப்பிட வேண்டும். 8 மாதம் நிரம்பாத பெட்டையையோ 12 வயது தாண்டிய பெட்டையையோ இணைசேர்த்து வந்த ஈத்தை அந்தக் கிளப் வழக்கமாகப் பதிவதில்லை. தேதிகள் அந்த வரம்புக்கு வெளியே போனால் காகிதத்தில் எங்கோ பெயர் மாறியிருக்கலாம்.

சான்றுகளை எத்தனை வாங்கினாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு பாதை முடிந்துவிடும். 1880களில் அமெரிக்கப் பயணிகள் எல்லையோர வியாபாரிகளிடம் வாங்கிப் போன நாய்களுக்கு ஏது சான்று? சிவாவா என்பதுகூட மெக்சிகோவின் எல்லையோர மாநிலம் ஒன்றின் பெயர்தான், பிறகுதான் நாய்க்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இந்த இனத்துக்கான சங்கம் 1923இல் வந்தது. நீளமுடி, குட்டைமுடி என்று கண்காட்சியில் பிரித்தது 1952இல். நீளமுடி என்றால் பாப்பியான் அல்லது பொமரேனியன் கலப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எஃப்ஜிஎஃப்5 மரபணுவின் நீளமுடி வகை ஒடுங்கு பண்பு, தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருந்து இரண்டு குட்டைமுடி நாய்களின் ஈத்தில் திடீரென்று எட்டிப் பார்க்கும்.

அடுத்தது டிஎன்ஏ சோதனைக்கான உமிழ்நீர் மாதிரி. சோதனைப் பெட்டியைத் திறந்ததும் குச்சியை வாயில் விட்டுவிடக் கூடாது. அரை மணி நேரம் சாப்பாடு, பிஸ்கட், பொம்மை எதுவும் கூடாது. அதே கிண்ணத்தில் வேறு நாய் வாய் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவில் குச்சியை அழுத்தி உருட்ட வேண்டும். எத்தனை விநாடி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை ஏட்டில் உள்ளபடியே செய்யுங்கள். சிவாவாவின் வாய் சிறியது, ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் உருட்டுவது நல்லது. சில பெட்டிகளில் குச்சியைக் காயவைக்கச் சொல்வார்கள், சிலவற்றில் திரவக் குழாயில் போட்டு மூடச் சொல்வார்கள். காயவைக்க வேண்டியதை ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும். வீட்டில் நாலைந்து நாய் இருந்தால், குழாயில் பெயர் எழுதிய பிறகுதான் அடுத்த நாயைத் தொட வேண்டும். நம்பவே முடியாத முடிவுகளில் பல இப்படி மாறிப்போன குழாய்கள்தாம்.

பால் குடிக்கும் குட்டியிடம் மாதிரி எடுத்தால் தாயின் செல்களும் கலந்துவிடும், இனச் சதவீதக் கணக்கு கெடும். வேடிக்கை என்னவென்றால் தாய்வழி முடிவு மட்டும் கெடாது, ஏனென்றால் அதற்குப் பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது, தாய்க்கும் குட்டிக்கும் அது ஒன்றுதான். அதே காரணத்தால் ஒரே ஈத்தில் நாலு குட்டிக்கும் தாய்வழிச் சோதனை செய்வது காசுக்குக் கேடு. அதைவிட, சான்றின் அடி வரிசையில் இதே பாட்டி வரும் தூரத்துப் பெட்டை ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இரண்டின் தாய்வழி வகையும் வேறுவேறாக இருந்தால் மாதிரி மாறியிருக்கிறது, இல்லையென்றால் சான்று பொய். இதற்கு மேல் மலிவான சரிபார்ப்பு கிடையாது.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது ‘100 சதவீதம் சிவாவா’ என்ற வரியை. பூர்விகத்தைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பே இல்லை. இன்றைய சிவாவாக்களின் மாதிரித் தொகுப்போடு உங்கள் நாய் ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பு எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி! கென்னல் கிளப்பின் டிஎன்ஏ பதிவையும் இதோடு குழப்ப வேண்டாம். தாய் தகப்பன் சரிதானா என்று பார்க்க அது உதவும், இனம் சொல்லாது.

பார்க்க வேண்டியது தாய்வழி வகை. ஏ, பி, சி என்ற பெரும் பிரிவுகளுக்குள் உலகத்து நாய்களில் மிகப் பெரும்பாலானவை அடங்கிவிடும், ஆகவே ‘ஏ பிரிவு’ என்று வந்தால் அது நம்ம ஊர் தெருநாய்க்கும் பொருந்தும். உட்பிரிவு வேண்டும். 2013இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு ஆய்வு ஏ185 என்ற வகையைச் சிவாவாவிலும், கொலம்பஸுக்கு முந்தைய மெக்சிகோ நாயின் எச்சத்திலும் கண்டது. டெச்சிச்சி கட்சிக்கு இதுதான் பெரிய ஆதாரம். ஆனால் 2018இல் பழைய வட அமெரிக்க, சைபீரிய நாய்களின் எச்சங்களிலிருந்து 71 மைட்டோகாண்ட்ரியா வரிசைகளையும் 7 முழு மரபணுத் தொகுதிகளையும் எடுத்து ஆராய்ந்தவர்கள், ஐரோப்பியர் வருகைக்குப் பின் அமெரிக்காவின் பழைய நாய்கள் ஏறக்குறைய அழிந்துவிட்டன, இன்றைய நாய்களில் அவற்றின் பங்கு சொற்பம் என்றார்கள். 2025இல் வந்த மற்றொரு ஆய்வு, சில சிவாவாக்களில் மெக்சிகோப் பகுதியின் பழைய தாய்வழி இன்னும் இருப்பதைக் காட்டியது.

இவை ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தோன்றும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு நாய்க்கு 1,024 மூதாதையர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா அவற்றில் ஒரே ஒரு பெட்டையிடமிருந்து வருகிறது. அந்த ஒருத்தி மெக்சிகோக்காரியாக இருந்து, மீதி 1,023 இடங்களிலும் ஐரோப்பிய நாய்கள் இருந்தால் இரண்டு முடிவுகளும் ஒரே நாயில் உண்மையாகும். நாட்டுப் பெட்டையோடு வந்தேறி ஆண் நாய்கள் தொடர்ந்து கூடினால் நடப்பது இதுதான். ‘நேர் வாரிசா, கலப்பா’ என்ற கேள்வியே தப்பு. தாய் நூல் ஒன்று, துணி வேறு.

உடலைப் பார்த்துச் சொல்லும் ஆதாரங்களைக் கடைசியில் வைத்திருக்கிறோம், அவற்றின் இடம் அதுதான். உச்சிக்குழி மூடாமல் இருப்பதைச் சிவாவாவின் முத்திரை என்பார்கள், மற்ற குட்டை இனங்களிலும் அது உண்டு. உருவம் சிறுத்ததும் சாட்சியாகாது, ஐஜிஎஃப்1 மரபணுவின் சிற்றுருவ வகை 50,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாயிலேயே இருந்ததாக 2022இல் தெரிந்தது. சிஸ்டைன் ஆலயத்தில் போட்டிச்செல்லி தீட்டிய மோசே சுவரோவியத்தில் ஒரு குட்டி நாய் இருக்கிறது. கொலம்பஸ் கிளம்பப் பத்து ஆண்டு இருக்கும்போது முடிந்த ஓவியம், ஆகவே இனம் ஐரோப்பியது என்று வாதிப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் சிறு நாய் இருந்தது என்பதைத்தான் அது நிரூபிக்கும். மெக்சிகோவின் கொலிமா பகுதியில் பழைய கல்லறைகளில் கிடைத்த சுடுமண் நாய் உருவங்களுக்கும் இதே பதில். கொழுகொழுவென்று இருக்கும் அவற்றைப் பெரும்பாலும் முடியில்லாத ஷோலோ என்ற மெக்சிகோ நாயோடுதான் சேர்க்கிறார்கள்.

சோதனைக்குக் கொடுக்கும் முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாய்வழி உட்பிரிவைத் தருவார்களா, மூலத்தரவைப் பதிவிறக்கலாமா? ஏ185 போன்ற வகைகளைப் பிரித்தது மைட்டோகாண்ட்ரியாவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சுமார் 580 டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்து. வணிகச் சோதனைகளில் பல அங்கங்கே சில புள்ளிகளை மட்டும் பார்ப்பவை, அவற்றின் பெயரிடும் முறையும் வேறு. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் வரிசைப்படுத்தித் தரும் ஆய்வகத்துக்கு அதே நாயின் இரண்டாவது குச்சி போக வேண்டும். அதனால் முதல் நாளே இரண்டு குச்சி எடுத்து, ஒன்றை நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் போட்டு, நாயின் பதிவு எண்ணோடு வைத்துவிடுங்கள்.