மலையில் ஓடினால் ரத்தம் ஊறுமா?

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குச் சாயங்காலம் ஓட வரும் பசங்களிடம் இப்போது இதே பேச்சுதான். மாஞ்சோலைக்கு ஏறிப்போய் நாலு நாள் ஸ்பிரிண்ட் அடித்துவிட்டு இறங்கினால் ரத்தம் ஊறிவிடுமாம். "அண்ணாச்சி, ஹீமோகுளோபின் ஏறிருமாமே?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

ஏறாது மக்கா. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது எலும்பு மஜ்ஜையை முடுக்கி சிவப்பணுக்களை உண்டாக்கும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் அதற்கு 2000 மீட்டருக்கு மேல், அதாவது ஊட்டி மாதிரி உயரத்தில், நாளின் பெரும்பகுதியைக் கழித்து மூணு நாலு வாரமாவது குடியிருக்க வேண்டும். மாஞ்சோலை உயரம் அதில் பாதிதான். ஆக்சிஜனைக் குறைத்த அறைக்குள் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வெளியே வந்தாலும் ரத்தத்துக்கு அந்த நேரம் போதாது. மலையில் ஓடுவது மாதிரி என்று சொல்லி முகத்தில் மாட்டுகிற பயிற்சி மாஸ்க்கும் காற்று வரும் வழியைத்தான் இறுக்குகிறது, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அளவு அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் ஏன் அந்த அறைகளில் ஓடவிடுகிறார்கள்? பலன் தசையில். பத்து செகண்டுக்குள் முழு வேகத்தில் ஒரு ஓட்டம், கொஞ்சம் இளைப்பாறல், மறுபடி ஓட்டம் என்று குறைந்த ஆக்சிஜனில் செய்யும்போது, வேகத்துக்கான தசை இழைகளுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, அடுத்தடுத்த ஓட்டத்தில் வேகம் சட்டென்று விழுவதில்லை. கோவில்பட்டி ஹாக்கிப் பசங்களுக்கு வேண்டியது இதுதானே, ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாய வேண்டுமே.

இன்னொன்று. உயரமான இடத்துக்குப் போன முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும். அப்போது டெஸ்ட் எடுத்தால் ஹீமோகுளோபின் கூடியதாகக் காட்டும். குழம்பு சுண்டினால் உப்பு கரிக்கிற கதைதான், சிவப்பணு ஒன்றுகூட கூடியிருக்காது. கீழே இறங்கினால் நீர் திரும்ப ஏறி எண்ணும் பழையபடி வந்துவிடும்.

எனக்கு மனசு அடித்துக்கொள்வது வேறு விஷயத்துக்கு. 400 மீட்டர் ஓடுகிற ஒரு பிள்ளை கடைசி நூறில் கால் வராமல் நின்றது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளை வெளேர் என்று இருந்தது. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து இல்லாத உடம்பை எந்த மலையில் கொண்டுபோய் விட்டாலும் சிவப்பணு எதை வைத்து உண்டாகும்? உயரத்துக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கே முதலில் இரும்புச்சத்து இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

அதனால் ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுப்பதில் டீக்குப் பெரிய பங்கு உண்டு. கீரை, கம்பு சாப்பிடும்போது கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள், இரும்பு அளவுக்கு மீறினாலும் ஈரலைக் கெடுக்கும்.