பதினோரு பள்ளங்கள்

போன சித்திரையில், கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, நாங்கள் ஏழு பேர் அதற்குள் இறங்கிப் பள்ளங்களை எண்ணினோம். பதினொன்று இருந்தன.

நான் அந்தக் கண்மாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவள். ஐம்பத்து மூன்று வயதில்தான் அதன் தரையை முழுதாகப் பார்த்தேன். எட்டாவது பள்ளத்தின் விளிம்பில் நின்று மூங்கிலை உள்ளே இறக்கினோம். என்னைப்போல் இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய் நின்றது. சுவர் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. பொக்லைன் பற்கள் பதிந்த தடம் களிமண்ணில் அப்படியே காய்ந்திருந்தது. அந்த விளிம்புக்கு ஓரடி இந்தப் பக்கம், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும்.

எங்கள் ஐயா காலத்துக் கண்மாய் இப்படி இல்லை. நீர்வரத்துப் பக்கத்திலிருந்து தரை மெல்லச் சரிந்துகொண்டே வரும். மடையை ஒட்டித்தான் ஆழம். அதனால் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி போதுமாக இருந்தது: மடைப் பக்கம் போகாதே. அந்த விதியைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், நானும் என் மகனுக்கு அதையே சொன்னேன். இடையில் சவுடு மண் அள்ள டிப்பர் லாரிகள் வந்தன. யார் எவ்வளவு அள்ளினார்கள் என்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஊரின் நடுவயதுக்காரர்கள் மனத்தில் இருக்கும் கண்மாய்க்கும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கண்மாய்க்கும் இப்போது சம்பந்தமே இல்லை என்பதுதான் என் கவலை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், விடுமுறைக்கு மாமன் வீட்டுக்கு வந்திருந்த இரண்டு சிறுவர்கள் இந்தக் கண்மாயில் மூழ்கிப் போய்விட்டார்கள். ஒருவனுக்குப் பதினொரு வயது, மற்றவனுக்கு ஒன்பது. சின்னவன் கால் வழுக்கி உள்ளே போக, பெரியவன் கை நீட்டியிருக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது பையன் ஊருக்குள் ஓடிவந்து சொன்னபோது, டீக்கடையில் இருந்த ஒருவர், "அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர்தானே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த கண்மாயைச் சொன்னார். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

நான் ஊர்ப்புற நூலகர். எங்கள் நூலகத்துக்கும் ஊருணிக்கும் நடுவே ஒரு மண் சாலைதான். கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலையில் வந்து படக்கதைப் புத்தகங்களைப் புரட்டுவார்கள், பதினோரு மணிக்கு ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். மறுபடியும் வரும்போது பக்கங்களில் ஈர விரல் பதியும். முன்பெல்லாம் புத்தகம் கெடுகிறதே என்று கோபப்படுவேன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு, ஈர விரலைக் கண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

எங்கள் ஊருணி பழையது. நான்கு பக்கமும் செம்புறாங்கல் படிக்கட்டு. குழாய் வருவதற்கு முன்பு ஊரே குடித்த தண்ணீர் அது. அதற்கு ஊர்ச் சம்பளத்தில் ஒரு காவலாள் இருந்தார். செருப்போடு படியில் இறங்க முடியாது, குளிக்க முடியாது, மாட்டை ஓட்டிவர முடியாது. கையில் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருப்பார். அவர் காத்தது தண்ணீரின் சுத்தத்தை. ஆனாலும் அவர் கண் எப்போதும் படிக்கட்டில் இருந்ததால் பிள்ளைகளுக்கும் அதுவே காவலானது. கண்மாய்க்கு, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். எந்த இடத்தில் எத்தனை முழம் தண்ணீர் என்று அவர் கால் சொல்லும். வீட்டு வாசலுக்குக் குழாய் வந்தது நல்ல காரியம். பெண்களின் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தது. ஆனால் அன்றோடு காவலாளின் சம்பளமும் நின்றது. அவர் போன இடத்தில் வேறு ஒருவரை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. உறவினர் கல்யாண வீடு. கூடத்தில் அறுபது எழுபது பேர். அவன் சித்தியிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். பின்கட்டில் பாத்திரம் கழுவுவதற்கான சிமெண்டுத் தொட்டி, அதில் ஒரு சாண் தண்ணீர். அழுகைச் சத்தம் இல்லை, கை கால் அடிக்கிற சத்தம் இல்லை. கரண்டிகளை அள்ளிக்கொண்டு வந்த அம்மா ஒருவர்தான் தொட்டிக்குள் சிவப்புச் சட்டை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துத் தூக்கினார். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு பெரியவர் அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார். பையன் இருமி, வாந்தி எடுத்து, அழுதான். அந்தச் சுற்றல்தான் அவனைப் பிழைக்க வைத்தது என்று இருபது ஆண்டுகள் நம்பினேன். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர்தான் என் நம்பிக்கையைத் திருத்தினார். அவன் தண்ணீரில் கிடந்தது சில நொடிகள்தான், மூச்சு அதுவாகத் திரும்பியிருக்கிறது. தலைகீழாகத் தொங்கவிடுவதாலும் வயிற்றை அமுக்குவதாலும் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும், பொன்னான நேரமும் வீணாகும் என்றார். மூச்சு இல்லாத பிள்ளையைக் கெட்டியான தரையில் மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைச் சற்று நிமிர்த்தி, முதலில் வாய் வழியாக மூச்சு ஊத வேண்டும். தண்ணீரில் போன உடம்புக்கு முதல் பஞ்சம் காற்றுதான். பிறகு நெஞ்சின் நடுவே முப்பது அமுக்கு, இரண்டு ஊதல். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது என்ற வேகம். 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. பிள்ளை கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கலாம். நூலகத்து மேசைமீது தலையணையைப் போட்டு எங்களுக்குச் சொல்லித் தந்தார். முப்பதை எண்ணி முடிக்கும் முன்பே எனக்குத் தோள் வலித்தது. அதனால்தான் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, மாற்றிச் செய்ய ஆள் வேண்டும் என்று புரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐந்து வயது நிறையாத குழந்தைகள். அந்த ஆண்டுதான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ இதற்கென்று ஒரு நாளாக அறிவித்தது. நமக்குப் பாடம் கிடைப்பது வங்கதேசத்திலிருந்து. வீட்டுக்கு வீடு குட்டை இருக்கிற நாடு. அங்கே கிராமத்திலேயே ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து, காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை சின்னக் குழந்தைகளை அவர் பொறுப்பில் விடுகிறார்கள். 'ஆஞ்சல்' என்று பெயர். அம்மா அடுப்படியில் இருக்கும் நேரத்தில்தான் குழந்தை குட்டைக்குப் போகிறது என்று கண்டுபிடித்து வகுத்த நேரம் அது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஊர்க் குட்டையிலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் சொல்லித் தருகிறார்கள். நீச்சல் குளம் தேவைப்படவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கை துறுதுறுத்தது. எங்களிடம் அங்கன்வாடி இருக்கிறது, ஊருணி இருக்கிறது, மூங்கிலும் இருக்கிறது.

மே 1 கிராம சபையில் எழுந்து பேசினேன். கண்மாயில் எடுத்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பள்ளங்களின் விளிம்பைச் சரித்துவிட வேண்டும், அங்கன்வாடிக்கும் ஊருணிக்கும் நடுவே கம்பிவேலி வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். வேலி ஆடியில் வந்துவிட்டது, கதவுக்கு உட்பக்கம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி. பள்ளங்களில் நான்கைச் சரித்தார்கள். ஏழு அப்படியே இருக்கின்றன. அந்த ஏழுக்கும் நாங்கள் மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தரை இல்லை என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறோம். விருந்துக்கு வரும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இரண்டு நாள் திறக்கின்றன. பின்கட்டுக் கிணற்றின் சுவர் இடுப்பளவுகூட இருக்காது. வீட்டைத் திறக்கும்போது முதலில் கிணற்றுக்கு இரும்பு வலை போடுங்கள் என்று சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம். பெரும்பாலோர் போட்டார்கள். விசேஷ வீட்டில் அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, தண்ணீர்ப் பக்கம் பார்ப்பதற்கு மட்டும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது என்றும் கேட்கிறோம். இதற்குத்தான் தயக்கம் அதிகம்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று காலை ஊருணியில் நீச்சல் வகுப்பு. ஒரு தடவைக்கு எட்டுப் பிள்ளைகள்தான், தண்ணீருக்குள் இரண்டு பெரியவர்கள், படியில் ஒருவர். படியில் இருப்பவர் கையில் கயிறு. அதன் முனையில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய்க் கேன். யாராவது தத்தளித்தால் தண்ணீரில் குதிக்காமல் கேனை எறிய வேண்டும். கயிறு இல்லையா, துண்டு, சேலை, மூங்கில் எது கிடைத்தாலும் படியில் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். பெரியவர்களைக் கூப்பிடாமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. இதைத்தான் முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் கரையிலேயே பழக்குகிறோம். அந்தப் பெரிய பையனுக்கு இது தெரிந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

நீந்தக் கற்றுக்கொடுப்பவர் எங்கள் தெரு அப்பத்தா. எழுபதை நெருங்குகிறார். சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர். எங்கள் பக்கம் ஆண் பிள்ளைகளை அண்ணன்மார் தண்ணீரில் தள்ளிவிட்டாவது பழக்கிவிடுவார்கள், பெண் பிள்ளைகளைக் கரையில் நிறுத்திவிடுவார்கள். வகுப்பில் அப்பத்தா இருப்பதால்தான் அம்மாக்கள் பெண் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். பிள்ளையின் பிடரிக்குக் கீழே ஒரு உள்ளங்கை, முதுகுக்குக் கீழே இன்னொன்று. "வானத்தைப் பார் ஆத்தா. காதில் தண்ணீர் போனால் போகட்டும்." முதலில் பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், கால்விரல்கள் மடங்கியிருக்கும். அப்பத்தா எதுவும் பேசாமல் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக விரியும். அப்போது முதுகுக் கையை எடுப்பார். பிறகு பிடரியில் ஒற்றை விரல் மட்டும். அதையும் எப்போது எடுத்தார் என்று பிள்ளைக்குத் தெரியாது.

மிதக்கத் தெரிந்த பிறகுதான் கை கால் வீசுவதெல்லாம். இதுவரை இருபத்தாறு பேர் மிதக்கிறார்கள். பதினான்கு பேர் பெண் பிள்ளைகள்.

இப்போது ஐப்பசி மழை. நேற்றுச் சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆறு சிவப்புத் துணிகள் தெரிந்தன. எட்டாவது பள்ளத்து மூங்கிலைக் காணவில்லை, சாய்ந்துவிட்டதோ முழுகிவிட்டதோ. நாளைக் காலை அப்பத்தா மகனும் இன்னும் இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை இன்னும் நீளமான மூங்கிலாக வெட்டி வைத்திருக்கிறோம்.