தளம் போடும் நாளில்

மாடிக்கு கான்கிரீட் கொட்டும் நாளில் நான் முதலில் பார்ப்பது கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்றுதான். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை அது; கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஜல்லியை முட்டுக்கொடுத்துச் சமாளிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அப்புறம் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகட்டில் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டு, மரத்தூள் எல்லாவற்றையும் பெருக்கி, இடுக்குகளை அடைத்துவிட்டால் பாதி நிம்மதி.

கொட்டி, வைப்ரேட்டர் விட்டு, மட்டப்பலகையால் இழுத்ததும் மேலே நீர் கசிந்து பளபளக்கும். சிலர் அவசரப்பட்டு அதன்மேல் சிமென்ட் தூளைத் தூவித் தேய்த்துவிடுவார்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும்; பின்னால் மேல்தோல் பொரிந்து உதிரும். எங்கள் மேஸ்திரி தூவ விடமாட்டார். "சும்மா இருங்க சார், தண்ணி அதுவா இழுத்துக்கும்" என்பார். பளபளப்பு மங்கி, கால் வைத்தால் லேசாகத் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும் மணியாசுக் கட்டையை எடுப்பார். வட்டம் வட்டமாக ஒரே சீரான தேய்ப்பு. மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு பதிப்பதாக இருந்தால் பிடிப்புக்காகச் சொரசொரப்பாகவே விட்டுவிடுவோம்.

அன்று சாயங்காலமே ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். சித்திரை வெயிலில் பாத்தி சீக்கிரம் வற்றிவிடும். தண்ணீர் லாரிச் செலவையும் கணக்கில் வையுங்கள்.