நாய்க்கடி ஊசி அறையிலிருந்து

தாலுகா அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையில் செவிலியராக இருக்கிறேன். திங்கட்கிழமை எப்போதுமே கூட்டம்தான். அப்புறம், வாட்ஸப்பில் ஏதாவது வீடியோ சுற்றினால் மறுநாளும் கூட்டம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் இன நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியபோது, எப்போதோ பட்ட கீறலைக்கூடக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

"சிஸ்டர், அந்த நாய் கடிச்சா ஆளே காலியாமே?" என்று ஒருவர் கேட்டார். அவர் கையில் பல் பதித்திருந்தது அவர் வீட்டு நாட்டுக் குட்டி. தடுப்பூசி போட்டதில்லையாம். "குட்டிதானே சிஸ்டர், ஒரு ஊசி போதாதா?" என்பது அடுத்த கேள்வி.

நாய்கள் குதறியே உயிர் போவது உண்டு. சின்னக் குழந்தைகளும் தனியாக நடக்கும் முதியவர்களும்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். அதை லேசாகச் சொல்ல மனம் வராது. ஆனால் அது மிக அபூர்வம். தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், கடி மூலம் தொற்றும் வெறிநோயால் (ரேபிஸ்) இறந்ததாகப் பதிவானவர்கள் 43 பேர். வெறிநோயாலும் பத்தாயிரம் கடிக்கு ஓர் உயிர்கூட இல்லை. இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கி, தெருநாயை நினைத்தால் நடுங்குது என்பார்கள். நாய் துரத்தி வண்டியோடு விழுந்தவர் எங்கள் பதிவேட்டில் வரமாட்டார். விபத்துக் கணக்கில் போய்விடுவார்.

சரி, அப்படியென்றால் பயமே வேண்டாமா? 43 என்பது நாய்கள் சாது என்பதால் வந்த எண் அல்ல. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொள்வதால் வந்தது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. அதற்குப் பெரிய காயமும் தேவையில்லை, ரத்தம் கசியும் கீறல் போதும். பெரிய காயக்காரர்கள் அலறிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், எனக்குக் கவலை கீறல்காரர்கள் மேல்தான்.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் மருந்து. கழுவிவிட்டு வருபவர் குறைவு. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் பூசி வருவார்கள். அதையெல்லாம் கழுவி எடுப்பதே தனி வேலை. ரத்தம் வந்த கடியோ கீறலோ என்றால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப்பொருள் மருந்தும் செலுத்த வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி என்று இன்னமும் பயப்படுகிறார்கள். அந்த மருந்து வழக்கொழிந்து இருபது வருடமாகிறது. இப்போது இரண்டு கையிலும் தோலுக்குள்ளேயே 0.1 மில்லி, அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயம் வேறு. உயரம் குறைவு என்பதால் கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது, கிருமி மூளைக்குப் போகும் தூரமும் குறைவு. திட்டு விழுமே என்று வீட்டில் சொல்லாமல் மறைத்தும்விடுகிறார்கள். ஒரு சிறுவனின் கீறலை அவன் பாட்டி குளிப்பாட்டும்போதுதான் பார்த்திருக்கிறார். அந்தப் பாட்டிக்குக் கும்பிடு போடலாம்.

0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 என்று சீட்டில் நாள் எழுதிக் கொடுக்கிறோம். முதல் நாள் ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். ஏழாம் நாள் வராதவர்களுக்கு நான் போன் செய்வேன். "நாய் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், தெருமுனையில படுத்திருக்கு" என்பார்கள். கடித்தது அதுதானா என்று கேட்டால், "அதே செவலைதான்னு நினைக்கிறேன்" என்று பதில் வரும். கிளம்பி வாங்க, ஊசி போட்டுக்கிட்டு அப்புறம் நினைக்கலாம் என்பேன்.