மாத்திரையைக் கொட்டும் அத்தியாயம்

இளையோர் நாவல்களைச் செப்பனிடுவது என் வேலை. மாற்றுத்திறனோடோ மனநோயோடோ வாழும் பதின்வயதினர் காதலிக்கும் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. வரட்டும். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுக்கும் படிக்கக் கதை வேண்டுமே.

ஆனால் பல பிரதிகளில் தவறாமல் ஓர் அத்தியாயம் வந்துவிடும். காதல் வந்த மகிழ்ச்சியில் நாயகி மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவாள். அடுத்த பக்கத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும், தலைக்குள் ஷாக் அடிப்பது போலிருக்கும். அந்த நிலையில் முதல் சந்திப்புக்குப் போனால் கவிதை வராது, குமட்டல்தான் வரும் என்று ஓரத்தில் குறித்து அனுப்புவேன். இன்னொரு வகையில் சக்கர நாற்காலிப் பையன் கடைசியில் செத்துப்போவான், மற்றவளுக்கு வாழ்க்கை புரியும். அதைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது.

அப்புறம் ஒரு பிரதி வந்தது. பையனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுக்குள் இல்லாத நிலை. பேச்சு வராது. திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அவனுக்காகக் கருவி பேசும். பெண்ணுக்கு இருமுனைக் கோளாறு, மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். அதைச் சீராக வைக்க லித்தியம் என்ற மருந்து எடுக்கிறாள். லித்தியத்தால் தாகம் அதிகமாகும், அடிக்கடி சிறுநீர் வரும், சிலருக்குக் கை லேசாக நடுங்கும். இருவரும் முதன்முதலாக வெளியே போகத் திட்டமிடும் அத்தியாயம் முழுக்கக் கழிப்பறைகளைப் பற்றியது. அவளுக்கு அது பக்கத்தில் இருக்க வேண்டும், அவனுக்குச் சக்கர நாற்காலி நுழையுமளவு கதவு அகலமாக இருக்க வேண்டும். முந்தின நாளே அவள் தனியாகப் போய், கதவைத் தன் கையால் சாண் போட்டு அளக்கிறாள். நடுக்கத்தில் கணக்கு தவறி மறுபடி அளக்கிறாள். “நாலு சாண். வரலாம்” என்று செய்தி அனுப்புகிறாள்.

பதிப்பகக் கூட்டத்தில் ஒருவர், இதில் காதல் எங்கே இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் மிச்சப் புத்தகத்துக்கு நான் பொறுப்பில்லை என்றேன். அத்தியாயம் தப்பித்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பையன் கூடவே எப்போதும் அம்மா. குளிப்பாட்ட, ஊட்ட, தூக்கி உட்காரவைக்க அவர்தான். இந்தக் கதைகளில் காதலுக்குப் பெரிய இடைஞ்சல் நோயைவிட, கூடவே இருக்கும் மூன்றாமவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் அந்தரங்கத்துக்கென்றே 22ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள் அதைக் கேட்டு வாங்குவது எப்படி? எழுத்தாளர் அந்தப் பையனுக்கு உருக்கமான, நீளமான ஒரு வசனம் கொடுத்திருந்தார்: எனக்கும் தனிமை வேண்டும் அம்மா, நான் குழந்தை இல்லை என்று அரைப் பக்கம்.

அதே மாதிரிக் கருவியில் பேசும் ஒருவரிடம் பிரதியைப் படிக்கக் கொடுத்தோம். அவர் சிரித்துவிட்டார். நாம் வாயால் பேசினால் நிமிடத்துக்கு 150 சொற்கள் வரை வரும். கண்ணால் தட்டுபவர்களுக்குப் பத்துச் சொற்கள் வந்தாலே நல்ல வேகம். அரைப் பக்கம் தட்டி முடிப்பதற்குள் வந்த பெண் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார். இதற்கென்று ஒரு வாக்கியத்தை முன்பே தட்டிச் சேமித்து வைத்திருப்பான், நேரம் வந்ததும் ஒரே பார்வையில் அதை ஒலிக்க விடுவான், தானும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்.

எழுத்தாளர் அந்த அரைப் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டார். இப்போது அம்மா அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கருவி ஒரே குரலில் சொல்கிறது: “அம்மா, வெளியே போம்மா. கதவைச் சாத்திடு.” மூன்றாவது முறை அம்மா சாத்திவிட்டுப் போகிறார்.