குட்டை முடித் தாய்க்கு நீள முடிக் குட்டி

எங்கள் பூனை ஈன்ற நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும், ஆறாவது வாரத்தில் கால்விரல் இடுக்குகளிலும் பட்டுநூல்போல் முடி நீண்டு வந்தபோது, தாய்க்குக் குட்டை முடியாயிற்றே என்று வியந்துபோனேன்.

முடி வளரும் பருவத்தை நிறுத்துமாறு வேர்க்காலுக்குக் கட்டளையிடுவது எஃப்ஜிஎஃப்5 என்னும் புரதம். அதற்குரிய மரபணு பழுதுபட்டால் கட்டளை உரிய காலத்தில் கிடைக்காமல் முடி மேலும் வளர்ந்துகொண்டே போகிறது. இது ஒடுங்கு பண்பாகையால், பழுதுபட்ட பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாக வேண்டும். அவ்வாறாயின், எங்கள் பூனையும் அதை வெளியே தெரியாமல் சுமந்திருக்கிறது.

1994இல் அங்கோரா என்னும் நீள முடிச் சுண்டெலியிலும், 2006இல் நாயிலும் இதே மரபணு அடையாளம் காணப்பட்டது. 2007இல் பூனையை ஆராய்ந்தபோது ஒன்றல்ல, நான்கு வெவ்வேறு திரிபுகள் தென்பட்டன. அவற்றுள் ஒன்று நீள முடி இனங்கள் பலவற்றிலும் பரவியிருக்க, இன்னொன்று நார்வேக் காட்டுப் பூனையிடம் காணப்படுகிறது.